மைனாவும் நான் பேர் சொல்லாத பிராணியும்

செப்டம்பர் 5, வியாழன்

பால் சொசைட்டியில் கொடுத்த டைரி ஒன்பது மாதமாக அரிசிப் பானை மேல் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். ஒற்றெழுத்து எங்கே வரும் என்பதில்தான் தகராறு. மற்றபடி எதையும் மறக்கிறவள் இல்லை. ஞாபகத்துக்காக இதை எழுதவில்லை. நான் போன பிறகு நடந்ததை மாற்றிச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காக எழுதுகிறேன்.

என் பேர் சீரங்காயி. வயது அறுபத்தாறு. ஊர் திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரட்டுக் குன்றை ஒட்டி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஈரோட்டில். வீட்டில் நான் ஒருத்தி, ஒரு பசு. என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் கிளுவை வேலி. என் மாமனார் கொப்பு ஊன்றி வளர்த்தது. அறுபதடி நீளம், ஆளுக்கு மேல் உயரம், நடுவில் ஓர் உசிலை மரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் மரகதம். ஊரில் அவளை மரகதம் என்று யாரும் சொல்வதில்லை. மைனா என்பார்கள். விடியலில் ஆரம்பித்தால் அடையும் வரைக்கும் வாய் மூடாது. அவள் புருஷன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். பேச இடம் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஒன்பது வருஷமாக அவளுக்கும் எனக்கும் பேச்சில்லை. ஆனால் அவள் வீட்டுச் சேதி எனக்குத் தெரியாமல் இருக்காது. அவள் முற்றத்தில் நின்று பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். இன்று திருப்பூரில் இருக்கும் மகன் மோகனரங்கத்தோடு போனில் பேசினாள்.

"வேலியப் பிடுங்கிப்புட்டு எட்டடிக்கு மதில் கட்டிருய்யா. பாம்பும் பல்லியும் அடையுது. ஆயுத பூசைக்கு வாரேல்ல, அப்ப ஜேசிபியக் கூட்டியாந்துரு."

மாடு கறந்து முடித்தேன். பாதிப் பால் தரையில் போனது. வயசாகிவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

வேலிக்குள் குடியிருப்பதைப் பற்றி எழுத வேண்டும். பேர் எழுத மாட்டேன்.

பகலெல்லாம் கிளுவைக்குள் பந்தாகச் சுருண்டு தூங்கும். பொழுது சாய்ந்தால் நடக்கும். பூனையில் பாதி இருக்கும். வால் கிடையாது. கைகால் விளக்குமாற்றுக் குச்சி. கண் இரண்டும்தான் முகம். குரங்குச் சாதி என்கிறார்கள், குரங்குச் சேட்டை ஒன்றும் இல்லை. இவ்வளவு சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரிந்துவிடும்.

பேர் எழுதாததற்குக் காரணம் உண்டு. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன், வைகாசி பதினொன்று, என் கல்யாணம். முதல் முடிச்சு அவர் போட்டார். அடுத்த இரண்டும் நாத்தனார் முடிச்சு. அப்போது மரகதத்துக்குப் பதினாலு வயசு. பச்சைத் தாவணி. மூன்றாவது முடிச்சை இறுக்கிவிட்டு என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏண்ணே, கரட்டுல திரியற ------ஐப் பிடிச்சாந்து உக்கார வச்சிருக்கியே" என்றாள்.

கோடு போட்ட இடத்தில் அந்தப் பேர்.

எல்லோரும் சிரித்தார்கள். நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் செத்து இருபது வருஷமாகிறது. இருந்தாலும் மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து ஊருக்கே நான் அந்தப் பேர்தான். என் பிள்ளைகள் அந்தப் பேரின் பிள்ளைகள். என் வீடு அந்தப் பேரின் வீடு. அதனால் அந்தச் சொல்லை என் நாக்கில் ஏற்றியதில்லை. பேரோடுதான் பகை. பிராணியோடு எனக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

தவிடு வாங்கினேன். புளிச்ச கீரை கடைந்தேன்.

மத்தியானம் உட்கார்ந்து நிஜ மைனாவைப் பார்த்தேன். மண்டை போன பனை ஒன்று அவள் வீட்டுப் பக்கம் நிற்கிறது. அதன் பொந்தில் ஒரு ஜோடி. அந்தப் பொந்து முதலில் கிளியுடையது. மைனா சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டது. கண்ணைச் சுற்றி மஞ்சள், காலும் மஞ்சள், தலையில் கருப்பு முக்காடு, எந்நேரமும் விசேஷத்துக்குப் புறப்பட்ட மாதிரி. தரையில் நடக்கும்போதுகூட ஊர்த் தலைவர் வருகிற நடை. ஒரு புழு கிடைத்தால் அதைத் தின்பதற்கு முன் நாலு பேருக்குச் சொல்லும்.

நம்மது அப்படியில்லை. தின்னும், சொல்லாது. மைனா பேசிவிட்டுப் பார்க்கும். இது பார்த்துக்கொண்டே இருக்கும், பேசாது. மைனா ஒரு கிளையில் இருந்தால் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று அதற்கே தெரியாது. இது ஒரு கொப்பைப் பிடித்த பிறகுதான் மற்றக் கொப்பை விடும். நாலு கையாலும் பிடிக்கும். காற்றில் அது விழுந்து நான் பார்த்ததில்லை.

மைனாவுக்கு ஊரில் நல்ல பேர். இதைக் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, புதன்

கிராம நிர்வாக அலுவலருக்கு மனு எழுதினேன். மூன்று தாள் வீணானது. நான்காவதில் அடித்தல் இல்லாமல் வந்தது. அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எங்கள் பொது வேலியில் ஆறு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. யாருக்கும் தொந்தரவு இல்லை. வேலியைப் பிடுங்கினால் அவர்கள் போக இடமில்லை. அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்."

நன்றாகத்தான் வந்திருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

எழுத மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கிராம நிர்வாக அலுவலர் உதவியாளரோடு வந்தார். கையில் அளவு நாடா, ஒரு கட்டுப் படிவம். வேலியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆறு குடும்பம்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா குடிசை?"

"வேலிக்குள்ள."

"வேலிக்குள்ளயா? மொத்தம் எத்தனை பேரு? ரேஷன் கார்டு இருக்கா?"

"அதுக்கெல்லாம் கார்டு இல்லை."

"அதான் கேக்குறேன். கார்டு இல்லாதவுகளுக்கு வீட்டுமனை போடலாம்னு தாசில்தார் சொல்லித்தான் வந்திருக்கேன். பகல்ல எங்க போயிருக்காக, வேலைக்கா?"

"தூங்குதுக."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. மைனா சிரித்தால் கொட்டிய வெண்கலப் பாத்திரம் உருண்டு ஓய்வது மாதிரி. "சார், அவ சொல்றது மனுசங்க இல்ல. என்னன்னு அவளையே கேளுங்க. செத்தாலும் அவ வாயில வராது."

அவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

"என்ன பிராணின்னு பேரு எழுதிக் குடுங்கம்மா. பேரு இல்லாம மனு நிக்காது" என்று சொல்லிவிட்டுப் படிவத்தைப் பைக்குள் வைத்தார். உதவியாளர் தெருவுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் சிரித்தார்.

செப்டம்பர் 18, புதன்

ரசம். யாரோடும் பேசவில்லை.

செப்டம்பர் 21, சனி

ஆறு குடும்பக் கதை தாலுகா முழுக்கப் பரவி வனத்துறைக்கும் போயிருக்கிறது. ஜெயக்கொடி என்று ஒரு வனக் காப்பாளர் பெண் வந்தாள். காக்கிச் சட்டை, காதில் சின்னத் தோடு. அவள் சிரிக்கவில்லை. பொழுது சாயும்வரை இருந்து என் கையால் காபி குடித்தாள். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டி வைத்திருந்தாள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாதாம்.

இருட்டியதும் வேலியோரம் நடந்தோம். அடுப்புக் கங்கு மாதிரி இரண்டு இரண்டாகக் கண்கள். உசிலையில் மூன்று, கிளுவையில் எட்டு. பதினொன்று.

"அறுபதடி வேலியில பதினொண்ணா? எங்க காட்டுலயே ஒரு மைல் நடந்தாத்தாம்மா இத்தனை பாக்கலாம்" என்றாள்.

பிடித்தாலோ கொன்றாலோ வழக்குப் போடலாமாம். பட்டா நிலத்து வேலியைப் பிடுங்கினால் அவளால் ஒன்றும் செய்ய முடியாதாம். "அக்டோபர் ரெண்டு கிராம சபை. நீங்க எந்திரிச்சு, இன்னது இருக்கு, வேலி வேணும்னு சொல்லணும். சபை தீர்மானம் போட்டா எங்க அதிகாரி வந்து பேசுவாரு. எல்லாரும் கேக்குற மாதிரி பேரைச் சொல்லணும்மா."

"நீ சொல்லேன்."

"வேலி உங்களுது."

செப்டம்பர் 24, செவ்வாய்

அந்தப் பக்கம் நேற்றிலிருந்து சத்தம் இல்லை. போன் பேச்சு இல்லை, கோழியைத் திட்டவில்லை. காலையில் ஆறு தடவை இருமினாள். மத்தியானம் ஒன்பது. எனக்கென்ன.

வேலியோரம் தூதுவளை மண்டிக் கிடக்கிறது. சுத்தம் செய்தேன். பறித்ததில் ஒரு கை அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. கொஞ்சம் மிளகும் சேர்ந்து விழுந்தது. குப்பைதானே.

செப்டம்பர் 25, புதன்

சாயங்காலம் கோழியைத் திட்டினாள். மாடு இன்று அரை லிட்டர் கூடக் கறந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

இதை எழுதாமல் விட்டால் நான் அவளை விட மோசம். பகல் பதினோரு மணி. பனை மைனா இரண்டும் உயிர் போகிற மாதிரி கத்தின. போய்ப் பார்த்தால் உசிலையில் காட்டுப் பூனை ஏறிக்கொண்டிருந்தது. மேலே கவட்டையில் நம்மது ஒன்று சுருண்டு தூங்குகிறது, ஒன்றும் தெரியாமல். கல் விட்டெறிந்தேன். பூனை போய்விட்டது.

மைனா கத்தாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. வாயாடிக்கும் ஒரு வேலை இருக்கிறது. பறவையைச் சொன்னேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

கல் இறங்கிவிட்டது. இரண்டு லோடு ஹாலோ பிளாக். மோகனரங்கம் நேற்றே வந்திருக்கிறான். வேலியோரம் வந்து நின்றான். நல்ல பிள்ளை, அவன் அப்பா சாடை.

"அத்தை, பதினொண்ணாந்தேதி ஜேசிபி சொல்லியிருக்கேன். உங்க பக்கச் செலவும் நானே பாத்துக்குறேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

"வேலி வேணும்."

"எதுக்கு அத்தை?"

அவனிடம் சொல்லியிருக்கலாம். "மதில் கட்டினா காத்து வராது" என்றேன்.

"காத்து மேல வரும் அத்தை" என்றான்.

எட்டடி மதில். அந்தப் பக்கம் குண்டு போட்டாலும் இந்தப் பக்கம் கேட்காது. அது நல்லதுதான். நல்லதுதான் என்று எழுதிவிட்டு அதை இரண்டு தடவை படித்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் காரியத்தன்று பந்தி நடந்தது. மைனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காட்டி, "அத்தாம் பெரிய கண்ணு, ஒரு சொட்டு வந்துச்சா பாத்தீகளா?" என்றாள். எனக்கு எல்லோரும் பார்க்க அழ வராது. அன்று நின்றது பேச்சு. அவள் அன்று மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணன் மேல் அவளுக்கு உயிர். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

அக்டோபர் 2, புதன்

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். நூற்றி நாற்பது பேர் இருக்கும். குடிதண்ணீர், நூறு நாள் வேலை, தெருவிளக்கு எல்லாம் முடிந்து வேலி வந்தது. மைனா முதலில் எழுந்தாள். நீலப் பட்டு கட்டியிருந்தாள். மைக் அவளுக்குத் தேவையில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

"அது வேலி இல்ல, பாம்புப் புத்து. என் பேரப்பிள்ளைக வந்தா முத்தத்துல விட முடியல. அவளுக்கு என்ன இருக்குன்னு வேலி வேணும்? கேளுங்க. ஆபீசர் வந்து கேட்டாரு, பதில் இல்ல. பேரைச் சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டா நான் உக்காந்துக்குறேன்."

கூட்டம் சிரித்தது. எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தாறு வருஷமாகத் தெரியும். ஜெயக்கொடி ஓரமாக நின்று என்னைப் பார்த்தாள். ஊராட்சித் தலைவர் அம்மா, "சொல்லுங்கக்கா" என்றார்.

எழுந்தேன். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன்.

"தேவாங்கு" என்றேன்.

ஸ்பீக்கரில் அது பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"எங்க வேலியில இருக்குறது தேவாங்கு. பதினொண்ணு இருக்கு, அந்தப் பொண்ணு எண்ணிப் பாத்துச்சு. என் நாத்தனா என்னை மணையில வச்சு இந்தப் பேரு சொன்னா. நீங்களும் சொன்னீக. மேல வீட்டு ரங்கசாமி, நீ என் மகனப் பள்ளிக்கூடத்துல சொன்ன. தையக்காரு, நீங்க ரசீதுலயே எழுதுனீக. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அசிங்கம்னு நெனச்சு நானும் வாயில எடுக்காம இருந்தேன். இப்பச் சொல்றேன். மைனா அழகுதான். அது பூனையப் பாத்துக் கத்தலைன்னா தேவாங்குல ஒண்ணு போயிருக்கும், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா மைனாவுக்கு இந்தப் பனை இல்லைன்னா இன்னொரு பனை. தேவாங்கு பறக்காது, தாவாது. ஒரு கொப்பைப் பிடிச்சாத்தான் அடுத்த கொப்பை விடும். வேலிய எடுத்தா அதுக்குப் பிடிக்க அடுத்த கொப்பு இல்ல. எனக்கும் இல்ல. நானும் தேவாங்குதான். விட மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கைதட்டியது யார் என்று பார்த்தேன். மேல வீட்டு ரங்கசாமி. அப்புறம் சாமியானாவே தட்டியது. தலைவர் அம்மா கை தூக்கச் சொன்னார். நான் எண்ணினேன். எண்ணி முடியவில்லை. மோகனரங்கம் கை தூக்கியிருந்தான்.

மைனா நின்றுகொண்டே இருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிமிஷம் இருந்திருக்காது. "பேரைச் சொன்னா உக்காருறேன்னீகளே" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். உட்கார்ந்தாள்.

தீர்மானம் பதினான்கு. கிளுவை வேலியும் உசிலை மரமும் தேவாங்குகளின் வாழிடமாகப் பாதுகாக்கப்படும். விண்ணப்பதாரர் சீரங்காயி. அப்படியே எழுதியிருக்கிறது, நான் நின்று படித்தேன். ஒற்றெழுத்துப் பிழை ஒன்று இருந்தது. திருத்தச் சொன்னேன்.

அக்டோபர் 3, வியாழன்

தேவாங்கு. தேவாங்கு. தேவாங்கு.

நாலே எழுத்து. இதற்குப் போய் நாற்பத்தாறு வருஷம்.

காலையில் மோகனரங்கம் வந்தான். "அத்தை, இது இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கல்லே எறக்கியிருக்க மாட்டேன்." ஜேசிபிக்காரனுக்குப் போன் போட்டு என் முன்னாலேயே வேண்டாம் என்றான். அந்தக் கல்லில் மாட்டுக்கொட்டகை கட்டப்போகிறானாம். எனக்கும் ஒரு தொட்டி கட்டித் தருவதாகச் சொன்னான். சரி என்றேன்.

அக்டோபர் 16, புதன்

வனத்துறை அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினார்கள். அவள் கையெழுத்து நடுங்கி இருக்கிறது. முன்பு முத்து முத்தாகப் போடுவாள்.

அக்டோபர் 28, திங்கள்

ஜெயக்கொடி பச்சைப் பலகை கொண்டுவந்தாள். வெள்ளை எழுத்தில்: தேவாங்குகள் வாழும் இடம். பகலில் உறங்குகின்றன. சத்தம் போடாதீர்.

"எந்தப் பக்கம் பாத்து நடட்டும்மா?"

"நான் பேசுறதே இல்ல, எனக்கு எதுக்கு? அந்தப் பக்கம் பாத்து நடு."

நட்டாள். மைனா முற்றத்துக்கு வந்து பலகையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். 'சத்தம்' என்ற இடத்தில் குரல் இறங்கியது. மீதியை மனசுக்குள் படித்தாள். அரசாங்கமே அவளை வாயை மூடச் சொல்லிவிட்டது. இன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. வேலியோரம் வெடி போடக் கூடாது என்று தெருப் பிள்ளைகளே பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு நாளாக அந்தப் பக்கம் அப்படி ஒரு அமைதி. என் வீட்டில் கரண்டி விழுந்தால் எனக்கே தூக்கிவாரிப் போடுகிறது. வெற்றி என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதிரச மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் வேலியில் சருகு சத்தம். போனேன். கிளுவையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு மைனா நின்றாள். இத்தனை கிட்டத்தில் அவளை ஒன்பது வருஷமாகப் பார்க்கவில்லை. புருவம் நரைத்துவிட்டது.

"சத்தம் போடக் கூடாதுன்னு பலகை வச்சுட்டாக" என்றாள், காற்று மாதிரி. "அதான் கிட்ட வந்து சொல்ல வேண்டியிருக்கு."

"என்னத்த?"

"உசிலைக் கவட்டையப் பாரு. வயித்தக் கட்டிக்கிட்டு ரெண்டு தொங்குது. காலையில இருந்து பாக்குறேன். சொல்ல ஆளில்ல."

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. "பாத்தேன்" என்றேன்.

"பொய் சொல்லாத. உன் பக்கமிருந்து தெரியாது. இங்கிட்டு வா, காட்டுறேன்."

வேலியின் கடைசியில் ஆள் நுழைகிற சந்து ஒன்று உண்டு. முள் கிழித்தது. போனேன். அவள் என் தோளில் கை வைத்து விரலை நீட்டிக் காட்டினாள். குட்டி இரண்டும் விரல் நீளம்கூட இல்லை. அம்மா ரோமத்தை நாலு கையாலும் பிடித்திருந்தன.

"கண்ணப் பாரேன், மதினி" என்றாள். குரல் ஏறிவிட்டது.

"மெதுவாப் பேசு" என்றேன்.

மெதுவாகப் பேசினாள். இருட்டும்வரை பேசினாள். நானும் பேசினேன். மாவு புளித்திருக்கும், போகட்டும்.